காருக்கு அடியில் படுக்கப் போறீங்களா? ஜாக்கியை நம்பாதீங்க... ரேம்ப் வாங்கும் முன் இதைக் கவனிங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டு வாசலில் கார். யூடியூப் வீடியோ பார்த்தாச்சு, புது ஆயில் கேனும் ஃபில்டரும் வாங்கியாச்சு. ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் படுத்து வேலையை முடிச்சிடலாம் என்று பலரும் நினைப்பதுண்டு. ஆபத்தே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஜாக்கி ஏன் கூடாது?

காருடன் வரும் ஜாக்கி, பஞ்சரான டயரை மாற்ற மட்டும்தான். அது வண்டியைத் தூக்கும் கருவி, தாங்கி நிற்கும் கருவி அல்ல. லேசாகச் சரிந்தாலும் வண்டி கீழே வந்துவிடும். ஸ்விஃப்ட் போன்ற சின்ன காரே சுமார் 900 கிலோ. செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கி முட்டுக் கொடுப்பது அதைவிட மோசம். பாரம் ஓரிடத்தில் அழுத்தினால், முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கிவிடும்.

ஆயில் மாற்ற, அடிப்பாகத்தில் கசிவு பார்க்க ரேம்ப் நல்ல தேர்வு. சக்கரம் அதன் மேல் ஏறி நிற்பதால், வண்டியின் பாரம் அகலமான அடித்தளத்தில் இறங்குகிறது.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

* எடை: ஆர்.சி.யில் 'அன்லேடன் வெயிட்' என்று காரின் வெற்று எடை இருக்கும். ரேம்ப்பில் போட்டிருக்கும் தாங்கும் திறன் ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று கேளுங்க. ஜோடியின் திறன், காரின் மொத்த எடையைவிட அதிகமாக இருப்பது பாதுகாப்பு.

* அகலம்: டயரின் பக்கவாட்டில் 185/65 R15 என்பதுபோல எழுதியிருக்கும். முதல் எண்தான் டயரின் அகலம், அதாவது 185 மி.மீ. ரேம்ப் அதைவிடத் தாராளமாக இருக்கணும்.

* சரிவு: முன் பம்பர் தாழ்வாக இருக்கும் கார் என்றால், செங்குத்தான ரேம்ப்பில் ஏறும்போது பம்பர் இடிக்கும். நீளமான, சரிவு குறைந்த ரேம்ப்பே சரி.

* தடுப்பு: உச்சியில் சக்கரம் உட்காரப் பள்ளமும், தாண்டிப் போகாமல் இருக்க மேடும் அவசியம்.

ஏற்றுவது எப்படி?

சமமான, உறுதியான சிமெண்ட் தரை வேணும். போர்டிகோவில் வழவழப்பான டைல்ஸ் என்றால், சக்கரம் ஏறாமல் ரேம்ப்பையே முன்னால் தள்ளிவிடும். அடியில் ரப்பர் மேட் போடுங்க. சாய்வான இடமும் மண் தரையும் வேண்டவே வேண்டாம்.

ஸ்டீயரிங் நேராக, இரண்டு சக்கரத்துக்கும் நேர் முன்னால் ரேம்ப்களை வையுங்க. ஆக்ஸிலரேட்டரை மெதுவாகக் கொடுங்க. ஒருவர் பக்கவாட்டில் நின்று வழி சொல்லட்டும். காருக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. சக்கரம் பள்ளத்தில் உட்கார்ந்ததும் நிறுத்திவிடுங்க.

பலர் மறக்கும் விஷயம்

பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். பழைய காரில் அதன் கேபிள் தளர்ந்திருக்கவும் கூடும். அதனால் ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் (ஆட்டோமேட்டிக் என்றால் 'பி') நிறுத்தி, தரையில் இருக்கும் பின் சக்கரங்களுக்குப் பின்னால் கட்டை கொடுக்கணும். பின்பக்கத்தை ரேம்ப்பில் ஏற்றினால், முன் சக்கரங்களுக்கு முன்னால் கட்டை வரணும். அப்போது தரையில் இருக்கும் சக்கரங்களில் ஹேண்ட் பிரேக் பிடிமானம் இருக்காது என்பதை நினைவில் வையுங்க.

அடியில் போகும் முன் வண்டியைப் பக்கவாட்டில் நன்றாக அசைத்துப் பாருங்க. துளி ஆட்டம் இருந்தாலும் இறக்கிவிட்டு, முதலில் இருந்து வையுங்க. இன்ஜின் ஓடும்போது அடியில் போகவே கூடாது. வேலை முடியும் வரை வீட்டில் ஒருவர் அருகில் இருப்பது நல்லது.

எதற்கு ரேம்ப் உதவாது?

சக்கரத்தைக் கழற்றணும், பிரேக் பேட் மாற்றணும் என்றால் ரேம்ப் பயன்படாது. சக்கரம்தானே ரேம்ப் மேல் நிற்கிறது! அதற்கு, மேனுவலில் காட்டிய இடங்களில் ஜாக் ஸ்டாண்ட் கொடுக்கணும். அது கைவசம் இல்லையென்றால், அந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

இறக்கும்போது அடியில் ஸ்பானர், ஆயில் டிரே, முக்கியமாகக் குழந்தைகள் இல்லை என்று குனிந்து பாருங்க. உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்திய பிறகே, உதவிக்கு நிற்பவர் பக்கவாட்டில் இருந்து கட்டையை எடுக்கணும். பிறகு மெதுவாக இறக்குங்க.