ஆம்னிக்கு பெரிய இன்ஜின் போடலாமா? செலவுக் கணக்கைப் பார்த்துடலாம்

வீட்ல ஒரு பழைய மாருதி ஆம்னி நிக்குது. அப்பா வாங்கினது, விக்க மனசு வரல. இப்போ புகை தள்ளுது, ஆயில் குடிக்குது. மெக்கானிக் அண்ணன் சொல்றார்: "இதையே ரீபோர் பண்ணி என்ன தம்பி ஆகப்போகுது? எஸ்டீம் இன்ஜினைத் தூக்கிப் போட்டா மலையெல்லாம் சும்மா ஏறும்." இன்க்ரிமென்ட் வந்த மாசம் வேற. ஆசை வரத்தான் செய்யும்.

ஆம்னியில இருக்கிறது 796 சிசி, மூணு சிலிண்டர், சுமார் 35 குதிரைத்திறன். எஸ்டீம் 1.3 லிட்டர், நாலு சிலிண்டர். பவர் ரொம்பவே கூடும், நிஜம்தான்.

ஆனா எஸ்டீம்ல இன்ஜின் குறுக்கே உட்கார்ந்து முன் சக்கரத்தை இழுக்கும். ஆம்னியில சீட்டுக்கு அடியில நெடுக்கா இருந்து பின் சக்கரத்தைத் தள்ளும். அதனால கியர்பாக்ஸ், மவுன்ட், ரேடியேட்டர், வயரிங் எல்லாத்துலயும் கை வைக்கணும். பிரேக்? அது 35 குதிரைக்குன்னு போட்டது. அதையும் மாத்தலன்னா நான் அந்த வண்டியில ஏறமாட்டேன்.

அப்புறம் ரிப்பேர். பழைய கார்புரேட்டர் ஆம்னி வழியில நின்னா எந்த ஊர் மெக்கானிக்கும் பார்த்துடுவார். ரெண்டு மூணு வண்டிப் பாகத்தைச் சேர்த்துக் கட்டின வண்டி நின்னா, கட்டினவரையேதான் கூப்பிடணும். அவர் கடையை மூடிட்டார்னா?

உதாரணத்துக்கு, பழைய இன்ஜினையே முழுசா சரி பண்ண 35,000 ரூபாய், பெரிய இன்ஜின் மாத்த 1,10,000 ரூபாய்னு வச்சுக்குவோம். (உங்க ஊர் கொட்டேஷனை வாங்கிப் போட்டுக்கோங்க.) வித்தியாசம் 75,000. மாசம் 400 கிலோமீட்டர் ஓட்டினா அஞ்சு வருஷத்துல 24,000 கிலோமீட்டர். அப்போ கூடுதல் பவருக்காக மட்டும் கிலோமீட்டருக்கு 3 ரூபாய்க்கு மேல கொடுக்கறீங்க, பெட்ரோல் தனி. அந்த 75,000-ஐ 14 சதவீத பர்சனல் லோன்ல எடுத்தா மூணு வருஷத்துக்கு இ.எம்.ஐ. சுமார் 2,560. வட்டியே 17,000 தாண்டும். வருஷத்துக்கு ரெண்டு தடவை கொடைக்கானல் போறதுக்கு இது ரொம்ப அதிகம்.

இதைவிட பெரிய செலவு பேப்பர்ல இருக்கு. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதி பண்ணிச்சு. அதே வருஷம் வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாசம் வரைக்கும் சிறையோ, ரெண்டுமோ கிடைக்கலாம். விபத்து நடந்து சர்வேயர் வந்து, ஆர்.சி.ல ஒரு இன்ஜின் நம்பர், வண்டியில வேற நம்பர்னு பார்த்தா, கிளெய்மை மறுக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி. பதினஞ்சு வருஷம் முடிஞ்சு ஆர்.சி. புதுப்பிக்கப் போனாலும் இதே நம்பரைத்தான் பார்ப்பாங்க. ஆம்னி உற்பத்தி 2019-லயே நின்னுடுச்சு, நிறைய வண்டிக்கு அந்த வயசு ஏற்கெனவே வந்தாச்சு.

அதே மாடல் இன்ஜினையே புதுப்பேட்டையில தேடி வாங்கினாலும் நம்பர் மாறும். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல முன்கூட்டியே கேட்டுட்டு, மாத்தினதை ஆர்.சி.ல ஏத்திடுங்க. பில் இல்லாத இன்ஜினைத் தொடவே தொடாதீங்க, திருட்டு வண்டியோடதா இருந்தா மாட்டுறது நீங்கதான்.

நிஜமாவே ஏழு பேரோட அடிக்கடி மலை ஏறணுமா? ஆம்னியைக் கொடுத்துட்டு பழைய ஈக்கோ பாருங்க. 1.2 லிட்டர், 70 குதிரைக்கு மேல, அஞ்சு கியர், எல்லாம் கம்பெனி போட்டது, ஆர்.சி.யும் சுத்தம். அந்த 75,000 அங்க முன்பணமா உதவும்.

ஊருக்குள்ள ஓட்டத்தான்னா 796-ஐயே சரி பண்ணுங்க. அதுக்கும் முன்னாடி ஒரு கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. சில நூறு ரூபாய் வேலை. மூணு சிலிண்டர்ல ஒண்ணு மட்டும் குறைவா காட்டினா, 35,000 கூட ஆகாம வால்வு வேலையோட முடிஞ்சாலும் முடிஞ்சுடும்.