காந்தச் சிகிச்சைக்கு நகையை அடகு வைக்கும் முன்

தலையில் காந்தத்தை வைத்தால் மனச்சோர்வு தீர்ந்துவிடும், மாத்திரையே வேண்டாம் என்கிற விளம்பரம் செல்போன் உள்ள எந்த வீட்டுக்கும் வந்துவிடுகிறது. பழவேற்காட்டு மீனவக் குப்பங்கள் அதற்கு விலக்கல்ல. ஏரி முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும் மாதங்களிலும், ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலும் வருமானம் விழுகிறது, கடன் ஏறுகிறது. ஆள் தூக்கமின்றி, சாப்பாடின்றிச் சுருண்டு படுத்தால் முதலில் சோம்பல் என்பார்கள், பிறகு குடி என்பார்கள், அதற்கும் பிறகு யாரோ வைத்த செய்வினை. எப்படியோ மருத்துவரிடம் போனாலும் பத்தே நாளில் மாத்திரை நின்றுவிடும். கடைசியில் நகை அடகுக் கடைக்குப் போகும், ஆள் சென்னைத் தனியார் மையத்துக்குப் போவார். சிகிச்சையில் பிழையில்லை; அதை அடைகிற வரிசைதான் தலைகீழ்.

டி.எம்.எஸ். எனப்படும் இந்த முறை மோசடி அல்ல. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் உருவாக்கியது. 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதை மனச்சோர்வுக்கு அனுமதித்தது, அதுவும் மருந்து பலன் தராதவர்களுக்கு. மயக்க மருந்து கிடையாது. நெற்றியின் இடப்பக்கத்துக்குச் சற்று மேலே கம்பிச் சுருளை வைத்துக் காந்தத் துடிப்புகளை அனுப்புவார்கள். வாரத்தில் 5 நாள், 4 முதல் 6 வாரம். மருந்து கைவிட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் கணிசமாகக் குறைகிறது, மூன்றில் ஒருவருக்கு முழுதும் விலகுகிறது. நல்ல பலன்தான், ஆனால் விளம்பரம் சொல்கிற பலன் அல்ல. தலைவலி வரலாம், மிக அரிதாக வலிப்பும் வரலாம். தலைக்குள் உலோகக் கிளிப்போ காதுக்குள் பொருத்திய கருவியோ இருப்பவருக்கு இது ஆகாது. பேஸ்மேக்கர், பழைய வலிப்பு, தலைக்காயம் எதையும் மறைக்கக் கூடாது. இதையெல்லாம் கேட்காமல் நாற்காலியில் உட்கார வைக்கும் மையத்தை விட்டு உடனே எழுந்து வந்துவிடலாம்.

ஊரில் இதையும் ‘கரண்டு வைக்கிறது’ என்றே சொல்கிறார்கள். ஆனால் ஈ.சி.டி. எனும் மின்சிகிச்சை வேறு. உண்ணாமல், பேசாமல், சாவையே நினைத்துக்கொண்டிருப்பவருக்கு அதுவே விரைவாகப் பலன் தரும். மயக்க மருந்து இல்லாமல் அதைச் செய்வதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. காந்தம் மென்மையாகத் தெரிகிறதே என்று அத்தகைய நோயாளியை ஆறு வாரச் சிகிச்சைக்குக் காத்திருக்க வைப்பது ஆபத்து. ‘இனி இருந்து என்ன’ என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இரவானால் 108 ஆம்புலன்ஸ், பேச 14416 மனநல உதவி எண். போலீஸ் கேஸாகிவிடும் என்று ஒளிக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 115-ஆம் பிரிவு.

மற்றவர்கள் தொடங்க வேண்டிய இடம் பொன்னேரி அரசு மருத்துவமனை. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் என்றைக்கு வருகிறார் என்பதை முன்பே விசாரித்துவிட்டுப் போங்கள். ஒரு நாள் தொழிலை விட்டு வந்தவரை ‘இன்னைக்கு டாக்டர் இல்ல’ என்று திருப்பி அனுப்புவது நம் அலுவலகங்களுக்குக் கை வந்த கலை. வெளிநோயாளிச் சீட்டில் நோயின் பெயர், மருந்து, அளவு, தேதி எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு சீட்டையும் ஒரே பையில் வையுங்கள், மழையில் நனையாமல். மாத்திரை வேலை செய்ய 4 முதல் 6 வாரம் பிடிக்கும். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். நடுவில் நிறுத்தினால் அதை மருந்து தோற்றதாகக் கணக்கிட முடியாது. போதிய அளவில், போதிய காலம் இரண்டு மருந்து தோற்றதாகச் சீட்டுகள் காட்டினால்தான் காந்தச் சிகிச்சைப் பேச்சு. அப்போதும் சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கி, அரசு வழியில் இது எங்கே கிடைக்கும் என்று கேட்ட பிறகே தனியாரிடம் போங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு, அதற்கான அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு மனநல நிலையங்களில் சிகிச்சை இலவசம் என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு சொல்கிறது. அட்டை கேட்டுத் திருப்பி அனுப்பினால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள்; எழுதித் தராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர் நாளில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

கிராமத்தாருக்கு நவீன சிகிச்சை வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், அதனால்தான் அது அரசு மருத்துவமனைக்கு வர வேண்டும் என்கிறேன். பழவேற்காட்டிலிருந்து சென்னைக்கு ஆறு வாரம் தினமும் போய்வர பஸ், ரயில் கட்டணத்தோடு இரண்டு பேரின் தொழிலும் போகும். துணைக்கு வருபவரும் மீன்பிடிக்கப் போக முடியாதே. இத்தனைக்குப் பிறகும் தனியாரிடம்தான் போவது என்றால், மனநல மருத்துவரின் பதிவு எண், மொத்த சிட்டிங், மொத்தக் கட்டணம், இடையில் நிறுத்தினால் திரும்பக் கிடைக்கும் தொகை எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். முழுத் தொகையை முன்பணமாகக் கொடுக்காதீர்கள். காப்பீடு இருந்தால், மனநோயையும் உடல்நோய்க்குச் சமமாக நடத்த வேண்டும் என்ற மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவைக் காட்டி, செலவை ஏற்பார்களா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது 2002 மருத்துவ நெறிமுறை விதி. ஏமாற்றப்பட்டால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் ரசீது வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த ‘பெய்டு’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பிப் போகாதீர்கள். மையத்தின் முத்திரையும் தேதியும் உள்ள ரசீதை ஒவ்வொரு சிட்டிங்குக்கும் வாங்கி, அதே பையில் போடுங்கள்.