சக்கர நாற்காலியோடு கப்பலேற: கதவின் அகலம் முதல் கரைப் படகு வரை

கோர்டேலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பல் 2025 ஜூலையில் சென்னை, விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று ஒரு சுற்று வந்தது. புதுச்சேரியிலிருந்து சென்னைக்குத் திரும்ப வேண்டுமானால் மரக்காணம் உப்பளங்களுக்குக் கிழக்கே உள்ள கடல்வழியாகத்தான் வந்தாக வேண்டும். 2022 ஜூனில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இந்தக் கப்பலின் சென்னைப் பயணங்களைத் தொடங்கிவைத்தபோதே, அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்குக் கப்பலில் கூட்டிப் போகலாமா என்ற ஆசை பல வீடுகளுக்கு வந்துவிட்டது. பேச்சு பெரும்பாலும் ஓரிடத்தில் நின்றுவிடும். அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. அப்பா பக்கவாதத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருக்கிறார். மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனி கேபின் உண்டாமே, அது எப்படி இருக்கும்?

பெரும்பாலான பெரிய பயணக் கப்பல்களில் அப்படிச் சில கேபின்கள் உண்டு. நன்றாக அமைந்தால் நம் ஊர் விடுதிகள் பலவற்றைவிட வசதியாகவே இருக்கும். ஆனால் அறை மட்டும் சரியாக இருந்தால் பயணம் சரியாகிவிடாது. வீட்டு வாசலிலிருந்து துறைமுகம், கப்பலின் ஏறுபாலம், கேபின், சாப்பாட்டுக் கூடம், இறங்கும் ஊர் என்று நீளும் வழியில் எங்கே ஒரு படி குறுக்கிட்டாலும் அங்கேயே பயணம் முடிந்துபோகும். அதனால் “வசதி இருக்கிறதா?” என்று கேட்டு, “இருக்கிறது சார்” என்ற பதிலோடு பணம் கட்டிவிடக் கூடாது. அங்குலக் கணக்கில் கேட்க வேண்டும்.

முதலில் கதவு. பல கப்பல்களில் சாதாரண கேபின் கதவின் அகலம் 22, 23 அங்குலம்தான். பெரியவர்கள் உட்காரும் வழக்கமான சக்கர நாற்காலிக்கு 25 அங்குலமாவது வேண்டும். மாற்றுத்திறனாளி கேபின்களில் வாசலின் நிகர அகலம் 32 அங்குலமும், நாற்காலியை முழு வட்டமாகத் திருப்ப 5 அடி விட்டமுள்ள இடமும் இருப்பது உலக வழக்கம். அலமாரியில் துணி மாட்டும் கம்பி தாழ்வாக இருக்கும். விளக்கு விசைகள் உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் இருக்கும். பால்கனி உள்ள அறையானால் அதன் வாசற்படிக்குச் சாய்தளம் உண்டா என்று தனியாகக் கேளுங்கள். கடலைப் பார்க்கத்தான் கூடுதல் பணம் கொடுக்கிறோம். அந்தப் படியைத் தாண்ட முடியாமல் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்திருக்க நேரக் கூடாது.

பெயரிலும் கவனம் வேண்டும். அமெரிக்காவின் கார்னிவல் நிறுவனம் இத்தகைய கேபின்களை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. முழுமையாகச் சக்கர நாற்காலிக்கு ஏற்றவை, படுக்கையின் ஒரு பக்கம் மட்டும் நாற்காலி போகக்கூடியவை, கொஞ்சம் நடக்கக்கூடியவர்களுக்குக் கைப்பிடிகள் மட்டும் வைத்தவை. மூன்றாம் வகையைப் பதிவு செய்துவிட்டு நாற்காலியோடு போய் நின்றால் குளியலறைக்குள் நுழைய முடியாது. எந்த நிறுவனமானாலும், “உங்கள் கேபின் இவற்றில் எந்த வகை?” என்று கேட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

குளியலறையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிரமம் அதிகமும் அங்கேதான். கப்பல் ஆடும்போது குளியல் தண்ணீர் அறைக்குள் வழிந்துவிடாமல் இருக்க, உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி வரப்பு போட்டு நீரை மறிப்பதுபோல, சாதாரண கேபின்களின் குளியலறை வாசலில் சில அங்குல உயரத்துக்குத் தடுப்பு கட்டியிருப்பார்கள். நடக்கிறவர் கண்ணில்கூடப் படாத அந்தத் தடுப்பு, நாற்காலிக்குச் சுவர். மாற்றுத்திறனாளி கேபினில் அது இருக்காது, அல்லது சிறு சாய்தளம் போட்டிருப்பார்கள். ஷவர் பகுதியும் தரைமட்டமாக இருக்கும். மடித்து வைக்கும் இருக்கை, கையில் எடுத்துக் குளிக்கும் ஷவர், சுவரில் கைப்பிடிக் கம்பிகள், கால் நுழையும்படி அடியில் காலியிடம் விட்ட கைகழுவும் தொட்டி இவையெல்லாம் இருக்க வேண்டும். கழிப்பறை இருக்கையின் உயரம் 17 முதல் 19 அங்குலம். கைப்பிடி எந்தப் பக்கம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கவாதத்தில் இடது கை விழுந்தவருக்கு இடப்புறக் கம்பியால் பயனில்லை.

நம் வழக்கத்துக்குச் சில சேர்க்கைகள். வெளிநாட்டுக் கப்பல்கள் பலவற்றில் கழிப்பறையில் தண்ணீர்ப் பீச்சுக்குழாய் இருக்காது, காகிதம்தான். ஒரு பிளாஸ்டிக் குவளையைப் பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று முக்கியம். இந்த அறைகளை வடிவமைத்தவர்கள் மனதில் வைத்திருப்பது சக்கர நாற்காலியில் வரும் பயணியை. நம்மிடையே இளம்பிள்ளைவாதத்தால் கால் பாதிக்கப்பட்ட ஒரு தலைமுறையே இருக்கிறது. 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் நம் பகுதியைப் போலியோ இல்லாத பகுதியாக அறிவித்தது. ஆனால் அதற்கு முன் நோய் கண்டவர்கள் இன்று குடும்பம் நடத்துகிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள், அரசு வேலையில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் நாற்காலியே பயன்படுத்துவதில்லை. காலிப்பர் போட்டோ, தொடையில் கையூன்றியோ நடப்பார்கள். சிலர் தரையில் கைகளை ஊன்றி நகர்வார்கள். வெளியே போவது இணைப்புச் சக்கரம் வைத்த பெட்ரோல் ஸ்கூட்டரில். அந்த ஸ்கூட்டரைக் கப்பலில் ஏற்ற முடியாது. அப்படியானால் 200 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பலில் கேபினிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு எப்படிப் போவது? இவர்கள் பயணத்துக்கென்று ஒரு நாற்காலியை வாடகைக்கு எடுத்துக்கொள்வதே நல்லது. கேபின் லிஃப்டுக்குப் பக்கத்தில், கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஒன்றில் கிடைத்தால் நடையும் குறையும், ஆட்டமும் குறையும்.

காது கேளாதவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும் தனி அறை தேவையில்லை, தனிக் கருவிகள் தேவை. கதவு தட்டினாலும் அபாய மணி அடித்தாலும் பளிச்சிடும் விளக்கு, தலையணைக்கடியில் அதிரும் சாதனம் ஆகியவற்றைக் கேட்டால் அறையில் பொருத்தித் தருவார்கள். தளங்களிலும் கேபின் எண்களிலும் பிரெய்ல் இருக்கும். இவற்றை ஏறும் நாளில் கேட்காமல், பதிவு செய்யும்போதே எழுத்தில் கேட்க வேண்டும்.

கப்பலில் ஏறியதும் ஆபத்துக்கால ஒத்திகை நடக்கும். இதைத் தட்டிக்கழிக்கவே கூடாது. தீப்பிடித்தால் லிஃப்டுகள் ஓடாது. நடக்க இயலாதவர்களைப் படிவழியே இறக்குவதற்கென்று தனி நாற்காலிகளும் அதற்குப் பயிற்சி பெற்ற ஊழியர்களும் இருப்பார்கள். உங்கள் கேபினில் உதவி தேவைப்படுபவர் இருக்கிறார் என்பது அவர்கள் பட்டியலில் ஏறியிருக்க வேண்டும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாற்காலியையோ மின் ஸ்கூட்டரையோ நடைவழியில் நிறுத்தக் கூடாது என்று கப்பல்காரர்கள் கண்டிப்பாகச் சொல்வது இந்தக் காரணத்தால்தான். அது கேபினுக்குள்ளேயே இருக்க வேண்டும். அங்கேயே சார்ஜ் போடவும் வேண்டும். எந்த வகை பேட்டரி என்பதை முன்பே தெரிவித்து ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

பலர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. கப்பல் ஊழியர்கள் நாற்காலியைத் தள்ளி ஏற்றுவார்கள், தட்டில் சாப்பாடு எடுத்துத் தருவார்கள். குளிப்பாட்டவோ, கழிப்பறைக்குத் தூக்கி உட்காரவைக்கவோ, மருந்து கொடுக்கவோ மாட்டார்கள். அதற்குத் துணை ஒருவர் கூட வர வேண்டும் என்பது நிறுவனங்களின் பொதுவான நிபந்தனை. அப்படி வருபவருக்கும் முழுக்கட்டணம்தான் என்றால் செலவு இரட்டிக்கும். கட்டணச் சலுகை உண்டா என்று தயங்காமல் கேளுங்கள்.

கடல் உப்பு இரும்பை என்ன செய்யும் என்பதை மரக்காணத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நீச்சல் குளத்தில் இறக்கிவிடும் நாற்காலித் தூக்கி, திறந்த தளத்துச் சாய்தளங்கள், தானாகத் திறக்கும் கதவுகள் எல்லாம் இடைவிடாத பராமரிப்பு கேட்பவை. விளம்பரப் படத்தில் இருக்கும் தூக்கி இன்று வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. எம்ப்ரஸ் கப்பல் 1990-ல் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் கடலுக்கு வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கச் சட்டம் கையெழுத்தானதும் அதே ஆண்டு ஜூலையில்தான். அந்தச் சட்டத்துக்கு முன் வரைந்து கட்டப்பட்ட எந்தக் கப்பலிலும், பிறகு எவ்வளவு மாற்றியமைத்தார்கள் என்பதை அறைக்கு அறை கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கரை என்னும் பெரிய தடை

அறையெல்லாம் சரியாகிவிட்டது என்று வையுங்கள். இறங்குவது எப்படி?

விசாகப்பட்டினத்தில் பயணக் கப்பல்களுக்கென்றே கட்டிய முனையம் 2023 செப்டம்பரில் திறக்கப்பட்டது. கப்பல் அங்கே கரையோடு அணைந்து நிற்கிறது. ஏறுபாலத்தின் சரிவு அலைமட்டத்தைப் பொறுத்துக் கூடும் குறையும், ஆனாலும் நாற்காலி உருளும். புதுச்சேரியில் அப்படி இல்லை. 2025 ஜூலையில் கப்பல் கடலிலேயே நங்கூரமிட்டு நின்றது. பயணிகள் சிறு படகுகளுக்கு மாறிக் கரைக்கு வந்தார்கள். அலையில் படகு ஏறுகிறது, இறங்குகிறது, கப்பலுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி. முழங்கால் வலிக்காரருக்கே அது கடினம். நாற்காலியில் இருப்பவரை ஊழியர்கள் தூக்கி மாற்ற மாட்டோம் என்பது பல நிறுவனங்களின் விதி. எடை மிகுந்த மின் நாற்காலியைச் சிறு படகில் ஏற்றுவதில்லை. கடல் கொஞ்சம் கொந்தளித்தாலும் அனுமதி கிடையாது. மற்றவர்கள் புரோமெனாட் சாலையில் உலாவிக்கொண்டிருக்க, இவர் மட்டும் கப்பலில் இருப்பார். கட்டணத்தில் மட்டும் இருவருக்கும் வேறுபாடு இல்லை. இதைச் சரியென்று என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தக் கடற்கரையில் பாலம் கட்டிக் கப்பலை அணுகுவது புதிதல்ல. மரக்காணத்துக்கு வடக்கே, கழிமுகத்துக்கு அப்பால் இருக்கும் ஆலம்பரைக் கோட்டையிலிருந்து ஒரு காலத்தில் கடலுக்குள் நீண்ட இறங்குதுறை இருந்தது. உப்பும் நெய்யும் ஜரிகைத் துணியும் அதன் வழியே ஏற்றுமதியாயின. புதுச்சேரியிலும் சரக்கேற்றவே கடலுக்குள் பாலம் கட்டினார்கள். பழைய பாலத்தை 1952 புயல் கொண்டுபோனது. பின்னர் கட்டியதில் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது. உப்பு மூட்டைக்குப் போட்ட பாதையை மனிதர்களுக்குப் போட முடியாதா?

போட்டாலும் காக்க வேண்டும். சென்னை மெரினாவில் கடல் நீர் வரை மாற்றுத்திறனாளிகள் போவதற்கான மரப்பாதை 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. இரண்டு வாரம் ஆகவில்லை, மாண்டஸ் புயல் அதன் முனையைச் சிதைத்தது. அலை வந்தால் பாதை சேதமாகும் என்பது பாதையே வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது. வாழ்நாள் முழுக்கக் கடலோரத்திலேயே இருந்து, ஒருமுறைகூட அலையில் கால் நனைக்காதவர்கள் அந்தப் பாதையில் போய் நனைத்தார்கள். அதன் மதிப்பைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

புயலைப் பற்றி இன்னொரு சொல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடல் பயணத்துக்கு நம்பகமான காலம் அல்ல. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது இந்த வட்டாரம் பட்ட பாடு தெரிந்ததுதான். நிலையாக நிற்க முடியாதவர் அந்த மாதங்களைத் தவிர்ப்பதே நலம். எந்த மாதமானாலும் கப்பலில் உட்கார்ந்ததும் நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிடும் பழக்கம் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல்களுக்கும் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொருந்தும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2005-ல் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 டிசம்பர் முதல், ஒருவரின் குறைபாட்டை மட்டும் காட்டிப் பயணச்சீட்டை மறுக்க முடியாது. 48 மணி நேரத்துக்கு முன் சொன்னால் துறைமுகத்தில் கட்டணமின்றி உதவ வேண்டும். நம் நாட்டில் 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் போக்குவரத்து என்பதற்குள் நீர்வழிப் போக்குவரத்தையும் சேர்க்கிறது. பழைய ஊர்திகளையும் இயன்றவரை மாற்றியமைக்கச் சொல்கிறது. ஆனால் 41-வது பிரிவு வசதிகளைப் பட்டியலிடும்போது பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. துறைமுகத்தின் பெயர் அங்கே இல்லை. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தக் கட்டாய விதிகளில் துறைமுகமும், கப்பலும், கரைக்கு வரும் படகும் பெயர் சொல்லி இடம்பெற வேண்டும்.

மரக்காணத்திலிருந்து கிளம்புகிறவருக்குத் தடை அதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. ஊரில் ரயில் இல்லை. ரயிலேறத் திண்டிவனம் போக வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்துகளின் முதல் படி முழங்கால் உயரம். ஆகவே துறைமுகம் வரை வாடகைக் காரையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்பளத்தில் உழைத்து மூட்டு தேய்ந்தவர்களுக்கு இந்தக் கட்டணம் எட்டாது என்பது உண்மை. ஆனாலும் துறைமுகத்தில் ஒரு சாய்தளம் வந்தால் அது சொகுசுக் கப்பலோடு நிற்காது. நாளை எந்தப் பயணியர் படகு வந்தாலும் அவர்களுக்கும் உதவும்.

பதிவு செய்யும் முன் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். கேபின் கதவு, குளியலறைக் கதவு இரண்டின் அகலம், குளியலறை வாசலில் தடுப்பு உண்டா, இருக்கையின் உயரம், கைப்பிடி எந்தப் பக்கம், எந்தெந்த ஊரில் கப்பல் கரை அணையும், எங்கே படகு மாற வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் நாற்காலியின் அகலத்தையும் எடையையும் குறிப்பிட்டு, அறையின் புகைப்படம் கேளுங்கள். பதிலை அச்செடுத்து, மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடு கையில் வைத்திருங்கள். சொன்னபடி இல்லையென்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிட அந்தக் கடிதமே ஆதாரம்.

நடக்க முடிந்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தக் கேபின்கள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் விசாலமானவை, அதனால் கேட்க ஆசை வரும். ஒரு கப்பலில் அவை ஒரு சிலவே. தேவையில்லாதவர் ஒன்றை எடுத்தால், அது மட்டுமே பொருந்தக்கூடிய ஒருவர் வீட்டிலேயே இருக்க வேண்டியதாகும். தயவுசெய்து அவற்றை விட்டுவைத்து மற்ற கேபின்களில் பதிவு செய்யுங்கள்.