மருந்து செல்லும் வழியும் மருந்தே

ஒரு மருந்து உடலுக்குள் எந்த வழியாக, எந்த வேளையில் செல்கிறதோ, அதைப் பொறுத்தே அதில் எவ்வளவு பங்கு குருதியைச் சேரும் என்பதும், எவ்வளவு விரைவில் சேரும் என்பதும் அமைகின்றன. ஆகவே மருந்துச் சீட்டில் காணப்படும் ‘வெறும் வயிற்றில்’, ‘நாக்கின் அடியில்’, ‘உடைக்காமல் விழுங்கவும்’ போன்ற குறிப்புகளை மருந்தின் அளவுக்கு இணையாகவே மதித்துப் பின்பற்ற வேண்டும்.

வாய்வழி: குடலும் கல்லீரலும்

விழுங்கப்படும் மாத்திரை இரைப்பையில் கரையத் தொடங்கினாலும், அதன் பெரும்பகுதி சிறுகுடலின் உட்சுவரில் உள்ள நுண்ணிய குடலுறிஞ்சிகள் வழியாகவே உள்ளிழுக்கப்படுகிறது. அங்கிருந்து புறப்படும் குருதி நேரே இதயத்திற்குச் செல்லாமல் முதலில் கல்லீரலை அடைவதால், அங்குள்ள நொதிகள் மருந்தின் ஒரு பங்கைச் சிதைத்துவிடுகின்றன. இதனையே ‘முதற்கடப்புச் சிதைவு’ என்பர். நெஞ்சுவலிக்கு வழங்கப்படும் நைட்ரோகிளிசரினை விழுங்கினால் அதன் பெரும்பங்கு இவ்வாறே வீணாகிவிடும். நாக்கின் அடியில் வைத்தாலோ, அங்குள்ள மெல்லிய சவ்வைக் கடந்து கல்லீரலைத் தொடாமல் குருதியில் கலந்து, சில நிமிடங்களில் பயன் தரும்.

உணவோடு நேரும் மோதல்

தைராய்டு குறைபாட்டுக்கு உட்கொள்ளும் லெவோதைராக்சினைக் காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்க வேண்டும் என்பதற்கும், அதற்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இடையே 4 மணி நேர இடைவெளி வேண்டும் என்பதற்கும் காரணம் ஒன்றே: குடலில் இவை ஒன்றோடொன்று பிணைந்து உறிஞ்சப்படாமல் கழிந்துவிடும். டெட்ராசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி பாலிலுள்ள கால்சியத்தோடு பிணைவதும், தேநீரிலுள்ள டானின் இரும்புச்சத்தைத் தடுப்பதும் இவ்வகையினவே.

ஊசியும் இன்ஹேலரும்

சிரையில் செலுத்தப்படும் மருந்து முழுமையாகவும் உடனடியாகவும் குருதியில் சேர்கிறது. தசையிலோ தோலடிக் கொழுப்பிலோ இடப்படுவது அங்கிருந்து மெல்லக் கசிந்து சேர்கிறது. 1922ஆம் ஆண்டு ஜனவரியில் டொராண்டோவில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்ட இன்சுலின், புரதமாகையால் விழுங்கினால் உணவைப் போலவே செரித்துவிடும் என்பதனாலேயே இன்றும் பெரும்பாலும் தோலடி ஊசியாக இடப்படுகிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் அங்கே கொழுப்புக் கட்டிகள் உருவாகி, இன்சுலின் சீராகச் சேராமல் சர்க்கரை அளவு ஏறி இறங்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றிக்கொள்வது இன்றியமையாதது.

ஆஸ்துமாவுக்குரிய சால்பியூட்டமால் மாத்திரை 4 மில்லிகிராம் அளவில் தரப்படும்போது, இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வெளிப்படுவது 100 மைக்ரோகிராம், அதாவது 40இல் ஒரு பங்குதான். மருந்து சுருங்கிய மூச்சுக்குழாயையே நேரடியாக அடைவதால் இச்சிற்றளவே போதுமானதாகிறது. கைநடுக்கம், படபடப்பு போன்ற பக்கவிளைவுகளும் குறைகின்றன. இன்ஹேலர் பிடித்தால் அதற்கே அடிமையாகிவிடுவோம் என்று அஞ்சி மாத்திரையை நாடுவோர் குறைந்த மருந்தை விட்டு மிகுந்த மருந்தையே உடலில் ஏற்றிக்கொள்கின்றனர்.

உடைக்கலாகாத மாத்திரைகள்

சில மாத்திரைகள், இரைப்பை அமிலத்தில் கரையாமல் குடலில் மட்டும் கரையும் மேற்பூச்சு உடையவை. வேறு சில, நாள் முழுவதும் சிறிது சிறிதாக மருந்தை வெளியிடுமாறு அமைக்கப்பட்டவை. பின்னவற்றைப் பொடித்தால் ஒரு நாளைக்குரிய மருந்து ஒரே வேளையில் குருதியில் பாய்ந்து நஞ்சாகலாம். விழுங்க இயலாத முதியவருக்கும் குழந்தைக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் முன், அதனைப் பொடிக்கலாமா, அதுவே திரவ வடிவில் கிடைக்குமா என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டறிய வேண்டும்.

இடைவேளையின் பொருள்

குருதியிலுள்ள மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம் ‘அரை ஆயுட்காலம்’ எனப்படும். பாராசிட்டமாலுக்கு இது ஏறத்தாழ 2 முதல் 3 மணி நேரமாகவும், இரத்த அழுத்தத்திற்கான அம்லோடிபினுக்கு 30 முதல் 50 மணி நேரமாகவும் இருப்பதால்தான், முன்னது ஒரே நாளில் பலமுறையும் பின்னது ஒருமுறையும் தரப்படுகின்றன. தவறிய வேளையை ஈடுகட்ட அடுத்த வேளையில் இரட்டிப்பாக உட்கொண்டால், முந்தைய மருந்து வெளியேறும் முன்பே புதியது குவிந்துவிடும். சிறுநீரகம் தளர்ந்த முதியோருக்கு இந்தக் கேடு இன்னும் மிகுதி. மருந்துக் கடையில் பொட்டலத்தைப் பெறும்போதே ‘எப்படி, எப்போது, எதனோடு’ என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுத் தெளிவது, வாங்கிய மருந்து உரிய இடத்தில் உரிய அளவில் சேர்வதற்கு நோயாளி செய்யக்கூடிய எளிய உதவியாகும்.