மழை வந்தா தும்மல் நின்னுடுமா? இடிமழையில் கவனம் தேவை!

"மழை வந்தா தூசி அடங்கிடும், தும்மலும் நின்னுடும்." அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பலரும் இப்படித்தான் நம்புகிறோம். மரங்களின் மகரந்தத்தைப் பொறுத்தவரை இது பாதிதான் உண்மை.

ஏரிக்கரைகளிலும் காலி மனைகளிலும் மண்டிக்கிடக்கும் சீமைக் கருவேலம், சவுக்கு, வீட்டுத் தென்னை... இவற்றின் மகரந்தம் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். வெயில் ஏறி, காற்றில் ஈரம் குறைந்தால், பூவின் மகரந்தப்பை காய்ந்து திறக்கும். உள்ளே இருக்கும் தூளைக் காற்று அள்ளிச் செல்லும். ஈரமான நாளில் பை எளிதில் திறக்காது. விடாமல் பெய்யும் மழை, காற்றில் மிதப்பதையும் கழுவி இறக்கிவிடும்.

சிக்கல், இடிமழையின் தொடக்கத்தில்தான். மழையை முந்திக்கொண்டு வரும் பலத்த காற்று, மகரந்தத்தை நாம் சுவாசிக்கும் உயரத்துக்கு இறக்கும். ஈரம் பட்ட துகள்கள் ஊதி உடையும். முழுத் துகள் பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும்; உடைந்த நுண்துணுக்குகளோ நுரையீரல் வரை போகும்.

2016 நவம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இப்படித்தான் ஆனது. அங்கே காரணம் புல்லின் மகரந்தம். ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைகளுக்கு ஓடினர். 10 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் இந்திய, இலங்கை வம்சாவளியினரும் கணிசம்.

எனவே, வெயில் கொளுத்திய நாளின் மாலையில் மேற்கே வானம் கறுத்தால், ஜன்னல்களைச் சாத்துங்கள். கொடியில் காயும் துணிகளை எடுத்துவிடுங்கள். வீசிங் இருக்கும் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் தந்த இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அதற்கும் மூச்சுத்திணறல் அடங்காவிட்டால், தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.