வாசனை வந்தால் மூடியைப் பாருங்கள்

விஜயந்தா, அர்ஜுன், பீஷ்மா என்று ராணுவ டாங்கிகளைச் செய்து அனுப்பிய ஊர் ஆவடி. 1961-இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை இங்கேதான் இருக்கிறது. டாங்கிகளை வடிவமைக்கும் ஆராய்ச்சி நிலையமும் இங்கேதான். கிழக்கே அம்பத்தூர் எஸ்டேட்டிலும் பாடியிலும் கார் உதிரி பாகங்கள் செய்யும் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. ஸ்பேனர் பிடித்துப் பழகியவர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். இப்பேர்ப்பட்ட ஊரிலும், பெட்ரோல் டேங்க் மூடியை மாற்றுவதற்காகக் காரை சர்வீஸில் விட்டுவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வருகிறவர்கள் உண்டு. ஐந்து நிமிட வேலை அது. ஸ்பேனர்கூட வேண்டாம்.

வேலை சின்னது என்பதால் மூடியும் சாதாரணம் என்று நினைத்துவிடக் கூடாது. பெட்ரோல் செலவாகச் செலவாக டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகும். அதை ஈடுகட்ட வெளிக்காற்று உள்ளே போயாக வேண்டும். பழைய வண்டிகளில் மூடியிலேயே இதற்கு ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அதில் தூசி அடைத்தால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி கொஞ்ச தூரம் போனதும் இருமி இருமி நின்றுவிடும். மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்றை இழுக்கும். மறுபடி ஸ்டார்ட் ஆகும். கார்புரேட்டரைக் கழற்றும் முன் மூடியைத் திறந்து பார்க்கிற வழக்கம் பழைய மெக்கானிக்குகளுக்கு வந்தது இப்படித்தான்.

இன்றைய பெட்ரோல் கார்களில் காற்று போய்வரும் வழி வேறு. கரி நிரப்பிய கேனிஸ்டர் என்ற டப்பா டேங்க்கோடு இணைந்திருக்கும். கத்திரி வெயிலில் டேங்க்கிலிருந்து கிளம்பும் ஆவியைக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது இன்ஜின் அதை இழுத்து எரித்துவிடும். இந்த ஏற்பாடு வேலை செய்ய வேண்டுமானால் மூடி இறுக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டும். மூடிக்குள் இருக்கும் வால்வு திறப்பது அழுத்தம் எல்லை மீறினால் மட்டும்தான். அடியில் இருக்கும் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் கேனிஸ்டர் இருந்தும் பயனில்லை. ஆவி காற்றில் போகும், காசும் கூடவே போகும்.

காசைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு படியும். நம் அடுக்குமாடிகளின் ஸ்டில்ட் பார்க்கிங்கை நினைத்துப் பாருங்கள். கார், பைக், இ.பி. பெட்டி, தண்ணி மோட்டார் எல்லாம் ஒரே தளத்தில். காலையில் காரின் பின்பக்கம் போனதும் பெட்ரோல் வாடை அடித்தால் அதை அலட்சியம் செய்யக் கூடாது.

அமெரிக்காவில் மூடி சரியாக மூடவில்லையென்றால் டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரியும். அரை மில்லிமீட்டர் ஓட்டை அளவுக்குக் கசிந்தாலும் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். நம் ஊரில் அந்தக் கசிவுச் சோதனை கட்டாயமில்லை. ஆகவே யூடியூப் பார்த்துவிட்டு விளக்கு எரியும் என்று காத்திருக்காதீர்கள். இங்கே மூக்குதான் சென்சார்.

மூடியைப் பற்றி இப்போது பேச இன்னொரு காரணமும் இருக்கிறது. 2025-இல் நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனாலுக்குச் சில வகை ரப்பர் ஒத்துக்கொள்ளாது. பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம் என்று அந்த ஆண்டு ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. ரப்பர் பாகங்களில் கைக்கு முதலில் எட்டுவது மூடியின் வளையம். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெட்டவெளியில் நிற்கும் வண்டிக்கு வெடித்த வளையம் ஆகாது.

மாட்டுவதில் திறமை ஒன்றும் வேண்டாம். வாங்குவதில்தான் கவனம் வேண்டும். கடையில் பேச்சு இப்படித்தான் போகும்.

"அண்ணே, டேங்க் மூடி ஒண்ணு வேணும்."

"எந்த வருஷ மாடல் சார்? பெட்ரோலா, டீசலா?"

இப்படிக் கேட்காமல் எடுத்து நீட்டுகிற கடையில் வாங்காதீர்கள். பழைய மூடியைக் கையோடு கொண்டுபோய் மரை, ஆழம், வளையத்தின் அகலம் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆவடியில் கிடைக்காவிட்டால் சென்னை ஜி.பி. ரோட்டில் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழைய மூடி மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் உங்களிடம் இருப்பதைப் போலவே வயதான ரப்பரைக் காசு கொடுத்து வாங்குவானேன்? ஓட்டை வைத்த பழைய பாணி மூடியைக் கேனிஸ்டர் உள்ள காருக்குப் போட்டால் இறுக்கமே இல்லாமல் போகும்.

இனி வேலை. வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி இன்ஜின் ஆறட்டும். பக்கத்தில் விளக்கு, அடுப்பு, பீடி எதுவும் கூடாது. மூடியை மெல்லத் திருகி, 'புஸ்' சத்தம் அடங்கிய பிறகு முழுசாகக் கழற்றுங்கள். மூடியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் வாரின் மறுமுனை, ஒரு சின்னக் குமிழாக ஓட்டையில் செருகியிருக்கும். துணி சுற்றிய பிளாட் ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் வந்துவிடும். புது வாரின் குமிழை அங்கே அழுத்துங்கள். சில மாடல்களில் அந்த முனை வளையமாக இருக்கும், கழற்றி மாட்ட வேண்டியதுதான். மூடியின் ரப்பர் வளையம் உட்காரும் விளிம்பை நூல் உதிராத துணியால் துடையுங்கள். கிரீஸ், எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். மரை கோணாமல் பிடித்து, 'கிளிக்' சத்தம் கேட்கும்வரை திருகினால் முடிந்தது.

புது மூடி போட்டும் பங்க் பழக்கம் மாறாவிட்டால் பிரயோஜனமில்லை. நாசில் தானாக நின்ற பிறகு "ரவுண்டா போட்டுடட்டுமா சார்?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஊற்றும் பெட்ரோல் கேனிஸ்டருக்குள் போய்க் கரியை நனைத்துவிடும். கேனிஸ்டர் விலைக்கு எத்தனையோ மூடி வாங்கலாம்.

பங்க்கிலேயே மூடியை மறந்துவிட்டு வந்தவர்கள் துணியைத் திணித்து ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பெட்ரோலில் ஊறிய துணி திரிதான். அன்றைக்கே மூடி வாங்கிவிடுங்கள். புது மூடி போட்டு இரண்டு மூன்று நாளாகியும் வாடை போகவில்லையென்றால், குறை டேங்க்குக்குப் போகும் ரப்பர் ஹோஸிலோ கேனிஸ்டரிலோ இருக்கலாம். அதற்கு வண்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அப்போது மெக்கானிக்கிடம் விடுங்கள்.