படிப்பை விட்ட பையன் அதிபரானார்

நம் தோட்டத்தில் ஒரு பையன் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டால் என்ன சொல்கிறோம்? "இவனுக்குப் படிப்பு ஏறாது. மண்டோரிடம் சொல்லி வேலையில் சேர்த்துவிடலாம்" என்று கதையை முடித்துவிடுகிறோம். அப்படி முடிவு கட்டுமுன், வாசகப் பெருமக்களே, இந்த மனிதரின் வரலாற்றைக் கேளுங்கள்.

செல்லப்பன் ராமநாதன் என்பது இவருடைய முழுப்பெயர். எஸ். ஆர். நாதன் என்றால் சிங்கப்பூரில் அறியாதவர் இல்லை. 1924 ஜூலை 3-ஆம் நாள் சிங்கப்பூரில் பிறந்தார். சிறுவயது கழிந்ததோ ஜொகூர் மாநிலத்து மூவாரில். தகப்பனார் வழக்கறிஞர் நிறுவனத்தில் குமாஸ்தா. அந்த நிறுவனம் ரப்பர்த் தொழிலை நம்பியிருந்தது. 1930-களில் உலகமெங்கும் தொழில் மந்தமாகி ரப்பர் விலை சரிந்தபோது அந்தக் குடும்பமும் நொடித்தது. மனமுடைந்த தகப்பனார் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது நாதனுக்கு வயது எட்டு. ரப்பர் விலை இறங்கினால் வீட்டு அடுப்பு என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குடும்பம் சிங்கப்பூருக்குத் திரும்பியது. விக்டோரியா பள்ளி வரை போனார். ஆனால் படிப்பு நிலைக்கவில்லை. பதினாறு வயதில் தாயாரோடு சண்டையிட்டு வீட்டைவிட்டே ஓடினார். ஜப்பான்காரர் ஆட்சியில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்துக் காலம் தள்ளினார்.

யுத்தம் முடிந்தது. வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழிப் பாடம் படித்து, விட்ட படிப்பை முடித்தார். அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1954-இல் சமூகநலக் கல்வியில் சிறப்புத் தேர்ச்சியோடு டிப்ளோமா பெற்றார். அந்த ஆண்டு அவருக்கு வயது முப்பது! அடுத்த ஆண்டே அரசாங்க வேலை. பிறகு கப்பல் தொழிலாளரின் நலம் பார்க்கும் அதிகாரியானார்.

1974-இல் வந்தது பெரிய சோதனை. ஆயுதம் தாங்கிய நால்வர் புக்கோம் தீவின் எண்ணெய்க் கிடங்கைத் தாக்கி, 'லாஜூ' என்ற படகைக் கைப்பற்றி, அதன் ஊழியர்களைப் பிணை பிடித்தார்கள். பத்திரமாக நாட்டைவிட்டுப் போகத் தங்களுக்கு உத்தரவாதம் கேட்டார்கள். அப்போது பாதுகாப்பு அமைச்சில் உயர் அதிகாரியாக இருந்த நாதன், பன்னிரண்டு பேருடன் அந்த நால்வரோடு விமானமேறிக் குவைத் வரை சென்றார். பதின்மூவரும் உயிரோடு திரும்பினார்கள்.

1983 முதல் 1988 வரை இந்து அறக்கட்டளை வாரியத்தின் தலைவராக இருந்தார். தைப்பூசக் காவடிகள் புறப்படும் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலும் அந்த வாரியத்தின் பொறுப்பில் உள்ளதுதான். அமெரிக்காவில் தூதராகவும் பணியாற்றினார். 1999 முதல் 2011 வரை பன்னிரண்டு ஆண்டுகள் சிங்கப்பூரின் அதிபர்!

2016 ஆகஸ்ட் 22-இல் காலமானார். இறுதி மரியாதையின்போது ஒலித்தது அவருக்குப் பிடித்த ஒரு தமிழ் சினிமாப் பாட்டு: 'பொற்காலம்' படத்தில், பல ஊர் மண்ணெடுத்துப் பொம்மை செய்யும் பாட்டு.

பெற்றோர்களே, எட்டு வயதில் தகப்பனை இழந்தது அவர் குற்றமல்ல. பதினாறில் ஓடியது அவர் தவறுதான். ஆனால், வளர்ந்த பிறகு வெட்கப்படாமல் மறுபடி புத்தகத்தைக் கையில் எடுத்தாரே, அதை நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டில் படிப்பை நிறுத்திய பிள்ளை இருந்தால் திட்டாதீர்கள். விளக்கடியில் அவனுக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். பள்ளிக்கு அழைத்து வாருங்கள். வழி சொல்ல ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம்.